கல் திருடிய சிஸ்டர்

சிஸ்டர் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு நானும் போயிருந்தேன். நான் அவர்களுடைய மதத்தைச் சேர்ந்தவன் இல்லை. அதனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பூசை முடிந்து மூன்று பேர் பேசினார்கள். அடக்கம் என்றார்கள், ஜெப வாழ்க்கை என்றார்கள், தூர தேசத்தில் செய்த தொண்டு என்றார்கள். மூன்றாவதாகப் பேசிய அம்மா, "கற்களின் மீது நம் சகோதரிக்கு இருந்த ஈடுபாடு எல்லோரும் அறிந்ததே" என்று ஆரம்பித்து, மேற்கொண்டு எப்படிக் கொண்டுபோவதென்று தெரியாமல் வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டார். எனக்கு முன்னால் இருந்த, வத்தை என்கிற மீன்பிடிப் படகு வைத்திருக்கும் வத்தைக்காரர் ஒருவர் இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று கோயிலில் இருந்த பாதிப்பேருக்குத் தெரியும்.

சிஸ்டர் ஒரு திருடி. கல் திருடி. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது வேறு யாரையோ பற்றிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். எனவே நான் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் அபிராமம். அய்யா மிளகாயும் பருத்தியும் போட்டார். எனக்கு வெயிலில் நிற்கப் பிடிக்காமல் பாம்பன் பாலம் தாண்டி வந்து தீவில் சிமெண்ட் கடை வைத்தேன். வெயில் இங்கேயும் அதேதான் என்பது வந்த பிறகு தெரிந்தது. ஆனால் கடைக்கு நல்ல இடம். இந்தத் தீவு முழுக்க மணல். வீட்டுக்கு ஒரு கருங்கல் வேண்டுமென்றாலும் பாலம் தாண்டி லாரியில் வரவேண்டும். அந்தக் காலத்து வீடுகளைக் கடலில் வெட்டிய பவளக்கல்லில் கட்டினார்கள். இப்போது அதை எடுத்தால் வழக்கு. ஆகவே எல்லோரும் சிமெண்ட் கல்லுக்கும் சிமெண்டுக்கும் என்னிடம்தான் வரவேண்டும்.

என்னிடம் தவறாமல் வந்த வாடிக்கை, கடற்கரையை ஒட்டியிருந்த கன்னியர் மடம். மடத்தில் முப்பத்திரண்டு பெண் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். கடல் பக்கத்துச் சுற்றுச்சுவர் ஒவ்வொரு வருடமும் வாடைக்காற்றுக்கு விழுந்துவிடும். அலை வந்து அடிமண்ணை அரிக்கும், உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர் தள்ளும், சுவர் படுத்துவிடும். தை மாதம் மடத்துத் தலைவியான மதர் ஆள் அனுப்புவார், என் கடையிலிருந்து மூட்டை போகும். மூன்று வருடம் இப்படி நடந்தது. கார்த்திகையில் காற்றுச் சத்தம் கேட்டால் எனக்குள்ளே ஒரு சின்ன எதிர்பார்ப்பு எழும் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்படி ஒரு தை மாதத்தில்தான் அந்தச் சிஸ்டர் கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். குள்ளம். சாம்பல் நிறச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச், தோளில் ஒரு மஞ்சப்பை. விரல்கள் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் தடித்திருந்தன.

"சிஸ்டர் மடத்துக்குப் புதுசா? எங்க இருந்து வந்திருக்கீக?" என்றேன்.

"பெரு."

"ஊர்ப் பேருதான் கேக்குறேன் சிஸ்டர்."

"அதத்தான் சொல்றேன். பெரு."

"பேரு சொல்லக் கூடாதுன்னா பரவால்ல சிஸ்டர். சும்மாதான் கேட்டேன்."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறந்தது தொண்டிப் பக்கத்தில் ஒரு மீனவர் வீடு. சபை அவரைத் தென் அமெரிக்காவில் பெரு என்ற நாட்டுக்கு அனுப்பியது. அங்கே மலை உச்சியில், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் உயரத்தில், கூஸ்கோ என்கிற பழைய பட்டணத்துக்கு மேலே ஒரு கிராமத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறார்.

சிமெண்ட் மூட்டையை ஒரு விரலால் குத்திப் பார்த்தார். "இது எத்தன வருசம் நிக்கும்?"

"நல்லாக் கட்டுனா அம்பது வருசம் சிஸ்டர்."

"எங்க சுவரு பத்து மாசம் நின்னுச்சு."

"உப்புக்காத்து சிஸ்டர். சிமெண்ட் என்ன பண்ணும்?"

"அங்கன இன்கா ராசாக்க கட்டுன சுவரு அஞ்சாறு நூறு வருசமா நிக்கிது. சிமெண்டும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல. கல்லுக்குப் பக்கத்துல கல்லு, அம்புட்டுத்தான். ஒரு கல்லுக்குப் பன்னெண்டு மூலை இருக்கு தம்பி. பன்னெண்டு மூலைக்கும் பக்கத்துக் கல்லு ஒட்டி உக்காந்திருக்கு. பிளேடு நுழையாது."

நான் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். குடிக்கும்போது அவர் கண் என் மேல் இல்லை, என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. நல்லா இரு தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் காற்று வந்து, கடைக்கு வெளியே மூட்டைகள் மேல் போட்டிருந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போனது. நாலு மூலைக்கும் நாலு கல் வைத்திருந்தேன். மூன்றுதான் இருந்தன. காணாமல் போனது நல்ல கருங்கல், எங்கள் கிணற்றுமேட்டில் கிடந்ததை ஊரிலிருந்து நானே கொண்டுவந்தது. ஒரு பக்கம் கயிறு உரசி வழவழவென்று பள்ளம் விழுந்திருக்கும். தூறலில் ஆறு மூட்டை கட்டியாகிப் போனது.

சில மாதம் கழித்து அதை மடத்தில் கண்டுபிடித்தேன். கடல் பக்கம் பழைய சுவர் இருந்த இடத்தில் ஆழமாக அஸ்திவாரம் தோண்டி, இடுப்பளவுக்குப் புதுச்சுவர் எழுப்பி, அதில் என் கல்லைப் பதித்திருந்தார்.

"சிஸ்டர், இது என் கல்லு."

"அப்படியா? பேரு எழுதிருக்கா?"

"அந்தப் பள்ளத்தப் பாருங்க. எங்க அய்யா கெணத்துக் கல்லு."

"அதத்தான் பாத்தேன்" என்றார் கண் விரிய. "பக்கத்துக் கல்லுக்கு இந்தப் பள்ளம் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு தம்பி. ஒரு தட்டுத் தட்டல. உன் கல்லுன்னா தாராளமா எடுத்துக்க."

நான் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அவரே கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார். முனையை நுழைக்க இடம் தேடினேன், கிடைக்கவில்லை. கீழே இரண்டு கல்லும் மேலே இரண்டு கல்லும் பக்கத்தில் ஒன்றும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். சிஸ்டர் நிழலில் உட்கார்ந்து கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கவலை எனக்காகவா கல்லுக்காகவா என்று தெரியவில்லை. கடைசியில் எனக்குச் சர்பத் கொடுத்து அனுப்பினார்.

அவர் கட்டுகிற விதமே வேறு. கொத்தனார் நூல் பிடித்துக் கட்டுவார், எல்லாக் கல்லும் ஒரே அளவில் இருக்கவேண்டும். சிஸ்டரோ ஒரு கல்லை நாலு நாள் உருட்டி உருட்டிப் பார்ப்பார். எந்தப் பக்கம் எதோடு சேரும் என்று தெரிந்ததும் கரித்துண்டால் கோடு போட்டு, அதைவிடக் கெட்டியான ஒரு உருண்டைக் கல்லால் பொத்துப் பொத்தென்று தட்டி மேட்டைக் குறைப்பார். பிறகு ஈர மணல் போட்டுத் தேய்ப்பார். வைத்ததும் சோதனை. மஞ்சப்பையில் பிளாஸ்டிக் உறை போட்ட அந்தோனியார் படம் ஒன்று வைத்திருந்தார். அதை இரண்டு கல்லுக்கும் நடுவில் சொருகுவார்.

"அந்தோனியார் உள்ள போயிட்டாரு" என்பார் வருத்தமாக. "எடு கல்ல."

எடுக்கிறவர் மடத்துச் சமையல்கார அக்கா. அவரும் சிஸ்டரும்தான் வேலை. பெரிய கல் வந்தால் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக்காரப் பெண்கள் பத்துப் பேர் வந்து, உருட்டுக்கட்டை போட்டு, கரைவலை இழுக்கிற மாதிரி கயிறு கட்டி இழுத்துக் கொடுப்பார்கள்.

சுவர் நேராகவும் நிற்கவில்லை. உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. எங்கள் ஊர்க் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "சாஞ்சிருச்சே சிஸ்டர், நீங்க கட்டுறதுக்கு முந்தியே விழப்போகுது" என்றார். "வாடைக்கு முன்னால நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னா நீயும் விழுவ. கொஞ்சம் குனிஞ்சு நில்லு, நிப்ப" என்றார் சிஸ்டர். கொத்தனார் சிரித்துக்கொண்டே போனார். அந்த வருடம் வாடை வந்தது. சுவரின் அடியில் தண்ணீர் வெளியேற மேலே குறுகிக் கீழே அகன்ற துளைகள் விட்டிருந்தார். தண்ணீர் அது வழியாகப் போனது, சுவர் இருந்தது. எனக்கு அந்தத் தை மாதம் மடத்திலிருந்து ஆள் வரவில்லை.

கல்லுக்கு மதர் பணம் எதுவும் ஒதுக்கவில்லை. நல்ல மனுஷிதான், ஆனால் பிள்ளைகளின் சோற்றுக்குப் பிறகுதான் மற்றது என்று கண்டிப்பாக இருப்பவர். "உங்க ஆசைக்குக் கட்டுறீங்க, கல்லை நீங்களே பாத்துக்கோங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் அதை அப்படியே கடைப்பிடித்தார். எங்கே கல்லைப் பார்த்தாலும் பார்த்துக்கொண்டார்.

டீக்கடை வாசலில் பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் போனது. கருவாடு காய்கிற இடத்தில் வலை பறக்காமல் வைத்திருந்த கற்கள் ஒன்றுவிட்டு ஒன்று போயின. எல்லாவற்றையும் எடுக்க மாட்டார், அது அவருடைய நியாயம். வத்தைக்காரர் ஒருவர் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன நங்கூரக் கல், அவர் திரும்பி வருவதற்குள் போனது. வெறும் கயிறு மட்டும் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஜெபமாலையோடு நடந்து வருகிற வயதான கன்னியாஸ்திரியை யார் சந்தேகப்படுவார்கள்?

இதில் நான் எப்படிக் கூட்டாளி ஆனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. என்னிடம் குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று இருந்தது. ஒருநாள், "சும்மாதான போற, என்னையும் பாம்பன்ல எறக்கிவிடு" என்று முன்னால் ஏறிக்கொண்டார். பாம்பனில் இடிந்த பழைய வீடு ஒன்றின் முன்னால் நிறுத்தச் சொன்னார். வீட்டுக்காரரிடம் முன்பே பேசி வைத்திருந்தார், அந்த ஒரு தடவை திருட்டு இல்லை. பவளக்கற்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வழியில் வனத்துறை ஜீப் மறித்தது. பவளக்கல்லைப் பார்த்ததும் காவலர் முகம் இறுகியது. எனக்கு அபிராமம் நினைவுக்கு வந்தது, மிளகாய்க் காடே தேவலை என்று தோன்றியது.

சிஸ்டர் நிதானமாக இறங்கினார். "கடல்ல எடுத்ததுன்னா வெள்ளையடிச்சிருக்குமா தம்பி? இந்தப் பாருங்க, ஆணி அடிச்ச ஓட்டை. இந்தப் பாருங்க, யாரோ காலண்டர் மாட்டிருக்காக" என்று ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். காவலர் நாலு கல்லைத் திருப்பிப் பார்த்தார், வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார், சரி போங்கள் என்றார். நான் வண்டியை எடுத்து அரை மைல் போன பிறகுதான் சிஸ்டரின் காலடியில் ஒரு கல் இருப்பதைப் பார்த்தேன்.

"இது எங்க இருந்து சிஸ்டர்?"

"ஜீப்பு டயருக்கு முட்டு வச்சிருந்தாக. மேடான எடமா இருந்தாக் கேட்டிருப்பேன். அது சமதளம், தேவையில்ல."

கோயில் சாமியாரான பங்குச்சாமியின் கல் விஷயம்தான் எல்லாவற்றையும் விட மோசம். சாமியின் பங்களாவுக்குப் பின்னால் குழாயடியில் தட்டையான ஒரு கல் கிடந்தது. அதில் நின்றுதான் சாமி கால் கழுவுவார். சிஸ்டர் ஒரு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருநாள் காணவில்லை. சாமி கோயிலில் வைத்தே கேட்டுவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வாயே திறக்கவில்லை. சிஸ்டரிடம் கேட்டேன்.

"சனிக்கெழமயே பாவசங்கீர்த்தனக் கூண்டுல, செஞ்ச பாவம்னு அவருகிட்டயே சொல்லிட்டேன்ல" என்றார். "கூண்டுக்குள்ள கேட்டத சாமியாரு உசுரு போனாலும் வெளிய பேசக் கூடாது. அது சட்டம். என்கிட்ட வந்துகூட, ஏன் எடுத்தேன்னு கேக்க முடியாது."

"கூண்டுக்குள்ள வச்சாவது ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. திருப்பிக் குடுத்துரும்மான்னாரு. குடுத்துர்றேன் சாமின்னேன். என்னைக்குன்னு கேக்கல."

"அது பாவம் இல்லையா சிஸ்டர்?"

"பாவந்தான்" என்றார் முகத்தை நேராக வைத்துக்கொண்டு. "வர்ற சனிக்கெழம அதையும் சொல்லணும்."

அதன்பிறகு சாமி மாலையில் அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் சுவரின் ஒரு இடத்தைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார்.

மூன்று வருடத்தில் சுவர் நாற்பது அடி நீளம், ஆள் தோள் உயரம் வந்துவிட்டது. கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாக, ஒரு கல்லைப் போல இன்னொரு கல் இல்லாமல் இருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் விடுதியின் அனுமதியைப் புதுப்பிக்கிற வருடம் வந்தது. கட்டடத்தைப் பார்த்துச் சான்று கொடுக்க ஒரு இளம் பொறியாளர் வந்தார். மரியாதையான பையன். சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். சிஸ்டர் அவர் கையில் அந்தோனியாரைக் கொடுத்து, சொருகிப் பாருங்க என்றார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக முயன்றார். வேர்த்து வழிந்ததுதான் மிச்சம்.

"சிஸ்டர், சுவர் ரொம்ப நல்லாருக்கு" என்றார். "ஆனா என் ஃபார்ம்ல செங்கல் இருக்கு, ஹாலோ பிளாக் இருக்கு, கான்கிரீட் இருக்கு. எந்தக் கலவையும் இல்லாத சுவருக்கு எடமில்ல. பிள்ளைங்க இருக்கிற எடம். இதைச் சுற்றுச்சுவர்னு எழுதி என்னால கையெழுத்துப் போட முடியாது."

மதர் இரண்டு நாள் யோசித்தார். அனுமதி வராவிட்டால் முப்பத்திரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குப் போகவேண்டும். சிலருக்கு வீடே கிடையாது. மூன்றாம் நாள் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார். எனக்கும் போன் வந்தது: ஹாலோ பிளாக்கும் சிமெண்டும் கம்பியும் வேண்டும். மூன்று வருடமாக வராத வாடிக்கை திரும்பி வந்துவிட்டது. நான் சரி மதர் என்றேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் கடைக்கு வந்தார். முதல் தடவையாக அவர் கண் எந்தக் கல்லையும் தேடவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"மேல பூசிட்டாப் போதும்னு கேட்டுப் பாப்பமா சிஸ்டர்?" என்றேன். "சிமெண்ட் நான் சும்மா தாரேன். உள்ள உங்க கல்லு இருக்கும், வெளிய ஃபார்முக்குச் சிமெண்ட் இருக்கும்."

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"அங்கன எங்க கிராமத்துல ஒரு ஆஸ்பத்திரி கட்டுனோம். சின்னது. ஊருச் சனம், எங்க மாதிரி கல்லு அடுக்கிக் கட்டுங்க, கூரைக்குப் புல்லு போடுங்கன்னாக. நான்தான் கேக்கல. செங்கலு, சிமெண்டு, மேல தளம்னு நின்னேன். மழைக்கு முந்தி முடிக்கணும்னு வெரட்டுனேன். தளம் காயிறதுக்குள்ள அடியில குடுத்திருந்த முட்டுக்கட்டையப் பிரிச்சாச்சு. வேல பாத்தவன் வேணாம்னான். நான் பிரிக்கச் சொன்னேன்."

நான் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"ஒருநா காலைல நெலம் ஆடுச்சு. நான் வாசல்ல நிக்கிறேன். எதுத்தாப்ல பழைய கல்லுச்சுவரு. அதுல கல்லெல்லாம் குதிச்சுச்சு தம்பி. குளிர்ல பல்லு கிட்டுற மாதிரி கடகடன்னு. என் கண்ணால பாத்தேன். ஆட்டம் நின்னதும் அதது எடத்துல அதது போயி உக்காந்துக்கிருச்சு. திரும்பிப் பாத்தா ஆஸ்பத்திரி இல்ல. உள்ள என்கூட வேல பாத்த மரியான்னு ஒருத்தி கஞ்சி காச்சிக்கிட்டு இருந்தா. இருபது வருசம் என்கூட இருந்தவ. என் மொழியில சாப்டியான்னு கேக்கத் தெரியும் அவளுக்கு."

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சிமெண்டக் குத்தம் சொல்லல தம்பி. உன் சிமெண்டு நல்ல சிமெண்டுதான். என் அவசரந்தான். அதுக்குப் பெறகு அந்த ஊர்ப் பொம்பளைகளோட உக்காந்து கல்லு தட்டுனேன். வேற ஒண்ணும் செய்யத் தோணல. ஒரு கல்லுக்கு நாலு நாளு ஆகும். ஆகட்டும்."

"நாளைக்கு என்ன செய்யப் போறீக சிஸ்டர்?"

"பிள்ளைகளுக்கு எடம் வேணும்ல. மதர் சொல்றது சரி. இடிக்கட்டும்" என்று சொல்லி எழுந்தார். வாசலில் நின்று, "இடிக்கிறது அம்புட்டு லேசில்ல" என்று கொஞ்சம் பெருமையாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நான் கைப்பேசியை எடுத்தேன். வத்தைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மூணு வருசத்துக்கு முன்னால உங்க நங்கூரக் கல்லு காணாமப் போச்சுல்ல. அது மடத்துச் சுவர்ல இருக்கு."

"தெரியும். பாத்துட்டுத்தான் இருக்கேன். சிஸ்டர்கிட்ட எப்படிப் போய்க் கேக்கிறது?"

"நாளைக்குக் காலைல ஜேசிபி வருது. வேணும்னா வந்து சேதமில்லாம எடுத்துக்கங்க."

டீக்கடைக்காரருக்கும் அதையே சொன்னேன். கருவாட்டுக்காரப் பெண்களுக்கும் ஆள் அனுப்பினேன். வனக்காவலருக்கு மட்டும் சொல்லப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு ஜேசிபி வந்தபோது சுவருக்கு முன்னால் அறுபது பேர் நின்றார்கள். மதர் என்னவோ கலவரம் என்று நினைத்துப் பதறிப் போனார்.

"ஒண்ணுமில்ல மதர், எங்க கல்ல எடுத்துக்கிட்டுப் போயிர்றோம்" என்றார் வத்தைக்காரர். தன் கல்லைக் கண்டுபிடித்து, மாட்டைத் தடவுவது போலத் தடவிக்கொடுத்தார். "இந்தா, கயிறு கட்டுன வரி கூட அப்படியே இருக்கு."

ஜேசிபி ஓட்டுநர் அந்தக் கல்லின் மேல் வண்டியின் இரும்புப் பல்லை வைக்கப் போனார். அதற்கு மேலே இருந்தது ஒரு கருவாட்டுக்கார அம்மாவின் கல். "ஏலே, அத எடுத்தா என் கல்லு விழுந்து ஒடையும். மொதல்ல என்னுத எடு" என்றார் அந்த அம்மா. அதை எடுக்க வேண்டுமென்றால் டீக்கடைக்காரர் கல்லை நகர்த்த வேண்டும். "என் கல்லுல கீறல் விழுந்துச்சு, வண்டிய விடமாட்டேன்" என்றார் டீக்கடைக்காரர். நானும் என் பங்குக்கு, அது எங்கள் அய்யாவின் கிணற்றுக் கல், அதில் இரும்பு படக்கூடாது என்றேன். அவரவர் கல்லைத் தொட்டுக்கொண்டு அவரவர் நின்றார்கள். ஓட்டுநர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "எந்தக் கல்லை மொதல்ல எடுக்கணும்னு பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்போது பங்குச்சாமி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஜேசிபிக்கும் சுவருக்கும் நடுவில் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சாமி, நீங்களுமா?" என்றார் மதர். "உங்க கல்லும் இதுல இருக்கா?"

சாமி அவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் சமையலறை வாசலில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்த சிஸ்டரைப் பார்த்தார்.

"என்னால ஒண்ணும் சொல்றதுக்கில்ல மதர்" என்றார். "காத்து நல்லா வருது. கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்."

சிஸ்டர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

மதர் பொறியாளரை வரவழைத்தார். அவர் பதினோரு மணிக்கு வந்து, நாற்காலியில் இருந்த சாமியையும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களையும் சுற்றி வந்து பார்த்தார். ஃபார்மைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். பிறகு மதரைத் தனியே கூப்பிட்டு, "இதைச் சுவர்னு எழுதினாத்தான் பிரச்சினை" என்றார். "கடற்கரையோரம் கற்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளனன்னு எழுதிடுறேன். கற்களை அடுக்கி வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். உள்பக்கம் ரெண்டு அடி தள்ளி, தூண் நட்டுக் கம்பிவேலி போட்டுடுங்க. அதைச் சுற்றுவேலின்னு காட்டிக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

அப்படியே ஆனது. கம்பிவேலியும் தூணும் என் கடையிலிருந்துதான் போயின. இன்றைக்கும் காகிதத்தில் அங்கே சுவர் கிடையாது. அதன் பிறகு இரண்டு பெரிய காற்று வந்து போனது. வேலி ஒரு தடவை சாய்ந்தது, நிமிர்த்திவிட்டோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் தங்கள் கல் இருக்கிற இடத்தில் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான்.

அடுத்த வருடமே சிஸ்டருக்கு மாற்றல் வந்தது, கொடைக்கானல் பக்கம் ஒரு மடத்துக்கு. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பஸ் வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். வெகுநாளாக மனதில் கிடந்ததை அப்போது கேட்டேன்.

"ஏன் சிஸ்டர் திருடுனீக? வாயத் தொறந்து கேட்டிருந்தா எல்லாரும் குடுத்திருப்பாகளே. நானே குடுத்திருப்பேன்."

அவர் கடலைத் தோலை உள்ளங்கையில் ஊதிவிட்டார்.

"குடுத்திருப்பீக. குடுத்துட்டு அன்னைக்கே மறந்திருப்பீக. ஜேசிபி வந்த அன்னைக்குக் காலைல ஒருத்தன் வந்திருப்பானா? களவு குடுத்தவன் மட்டுந்தான் தம்பி தேடி வருவான்."

மூன்று வருடமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த நிமிடம்தான் புரிந்தது போல இருந்தது. "அப்ப எல்லாமே திட்டம் போட்டுத்தான் செஞ்சீகளா சிஸ்டர்?"

பஸ் வந்து நின்றது. அவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சேச்சே. இப்ப நீ கேக்கவும் வாயில வந்துச்சு, சொன்னேன். நல்லா இருந்துச்சுல்ல? அப்பெல்லாம் நல்ல கல்லப் பாத்தா எனக்குக் கை நிக்காது, அம்புட்டுத்தான்."

ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொண்டு கையாட்டினார். பஸ் வளைவில் திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன். இரண்டில் எது உண்மை என்று அவரிடம் அப்புறம் கேட்கவே இல்லை.